பாத்திரத்தில் வைத்துக் கொடுத்த பள்ளிக்கூடம்

இந்த நாட்டில் எந்தக் கூட்டம் தொடங்கினாலும் முதலில் காணிக்காரருக்கு மரியாதை செலுத்துகிறார்கள். பஸ் டிப்போவில் பாதுகாப்பு வகுப்பு என்றாலும் சரி, நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் நேரம் என்றாலும் சரி, ஒருவர் எழுந்து, நாம் கூடியிருக்கும் இந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்கும் அவர்களின் மூத்தோருக்கும் எங்கள் வணக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் தேநீர் எங்கே, கழிப்பறை எந்தப் பக்கம் என்ற விஷயத்துக்கு வருவார். சிட்னிக்கு வந்த புதிதில் நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், அந்தக் காணிக்காரர் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று. அவர் வந்திருக்கமாட்டார். அவர் வராத கூட்டங்களில்தான் அவருக்கு இவ்வளவு மரியாதை என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

என் மகள் ஸைனபுக்காக நான் போன பாடசாலைக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கியது. செலக்டிவ் ஸ்கூல் என்று ஒரு வகை இங்கே உண்டு. அரசாங்கப் பாடசாலைதான், ஆனால் ஆறாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். எங்கள் நாட்டு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே பைத்தியம், அதே டியூசன், அதே தாய்மாரின் நோன்பும் நேர்த்தியும். கூட்டம் நடந்த பாடசாலை நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஏழைப்பட்ட புறநகரிலேயே, இங்கே சபர்ப் என்பார்கள், இருக்கிறது. ஆனால் அதற்குள் போகும் பிள்ளைகள் எங்கிருந்தெல்லாமோ ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் காலையில் ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ்ஸை ஓட்டுவது நான். எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தக் கேற்றைக் கடந்து அடுத்த பாடசாலைக்கு நடந்து போவார்கள். நாளாந்தம் பார்த்துப் பார்த்து எனக்கும் அது இயற்கை போலத் தோன்றிவிட்டது.

இனிமேல் கொஞ்ச இடங்களைப் பின்தங்கிய இடத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைப்போம் என்று அந்தக் கூட்டத்தில் சொன்னார்கள். ஈக்விட்டி பிளேஸ் என்று பெயர். பிறகு கைகள் உயர்ந்தன. தரம் குறையாதா, என் பிள்ளை ஏன் தண்டிக்கப்படவேண்டும், இது நியாயமா என்று எல்லாரும் மிகப் பண்பாகக் கேட்டார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் என்னிடம் குனிந்து, எந்தக் கோச்சிங் நிலையத்துக்கு மகளை அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுக்கும் அனுப்பவில்லை, நூலகத்துப் புத்தகங்கள்தான் என்றேன். அவள் சிரித்துவிட்டு, "சொல்லமாட்டீர்கள், எனக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் யாரும் சொல்வதில்லை" என்றாள். நான் மறுபடியும் உண்மையைச் சொன்னேன். அவளுடைய முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது, நான் அவளைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

காணிக்காரருக்கு நன்றி சொல்வது எனக்குப் பழகிய வேலை. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை ஆயுத இயக்கத்தார் துரத்தியபோது எனக்கு நினைவு தெரியாத வயது. வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கி, அங்கிருந்து புத்தளம் வந்து, கடைசியில் கரைத்தீவில் ஒரு ஹாஜியாரின் தென்னங்காணியில் தென்னோலைக் கிடுகுக் குடிசை போட்டோம் என்று உம்மா சொல்லித்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காணிதான். ஹாஜியார் நல்ல மனிதர். வாடகை கேட்கவில்லை, கிணற்றைத் திறந்துவிட்டார், பெருநாளைக்குச் சீலை கொடுத்தார். மக்காவிலிருந்து வந்தவர்களை மதீனாக்காரர் ஏற்றுக்கொண்டது போல என்று பள்ளிவாசலில் பேசினார்கள். ஒவ்வொரு வெள்ளியும் துஆவில் ஹாஜியாரின் பெயர் வரும், நாங்கள் ஆமீன் சொல்லுவோம். ஒருவருடைய தயவில் வருடக்கணக்கில் ஆமீன் சொல்லிப் பாருங்கள், முதுகு தானாக வளையும்.

எங்களுடைய சனத்துக்கு அப்போது ஒரு வியாதி இருந்தது. அடுத்த பெருநாளுக்கு ஊரில் நிற்போம் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆகையால் குடிசைக்குச் சீமெந்துத் தரை போட்டவர் கிடையாது. முற்றத்தில் பப்பாசி நட்டார்கள், முருங்கைக் கொப்பு ஊன்றினார்கள், தென்னை மட்டும் நடவில்லை. காய்க்க வருடக்கணக்காகும் மரத்தை யாருக்காக நடுவது? வாக்காளர் பெயர்ப்பதிவைப் புத்தளத்துக்கு மாற்றினால் ஊர் உரிமை போய்விடும் என்று அதையும் மாற்றவில்லை. வாப்பா மன்னார் வீட்டுப் பூட்டின் திறப்பை இடுப்பு பெல்ட்டில் கொழுவிக்கொண்டு திரிந்தார். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவும் இல்லை என்று போய்ப் பார்த்து வந்தவர்கள் சொன்ன பிறகும் திறப்பு பெல்ட்டிலேயே இருந்தது.

படிப்பும் பின்னேரத்தில்தான். காலையில் ஊர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன கட்டடத்தில் பின்னேரம் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலை. கரும்பலகையில் காலைப் பாடம் எழுதி இருந்தால் அழிக்கக்கூடாது என்று கட்டளை. எங்கள் டீச்சர் மிஞ்சிய மூலையில் நுணுக்கி நுணுக்கி எழுதுவார். என் மூத்த சகோதரி, ராத்தா, இரண்டையும் எழுதிக்கொள்வாள், மூலையில் இருந்த எங்கள் பாடத்தையும் நடுவில் இருந்த அவர்கள் பாடத்தையும். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் அந்த வட்டாரத்திலேயே கூடின புள்ளி அவளுக்கு வந்தது. நகரத்தில் விடுதியோடு இருந்த பெரிய பெண்கள் பாடசாலையில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஹாஜியாரின் மகளும் அதே பரீட்சை எழுதியிருந்தாள். வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள்.

ஊர்க்காரர் பொல்லாதவர்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். புத்தளமே பின்தங்கிய மாவட்டம். தமிழ்மொழியில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆளில்லாமல் அவர்களுடைய பிள்ளைகள் தலைமுறையாகக் காய்ந்தவர்கள். அந்த நேரத்தில் ஒரு சனக்கூட்டம் வந்து இறங்கி, கிணற்றிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் பங்கு கேட்டது. கடைசியில் பள்ளிக்கூடத்திலும் கேட்டது. எங்கட பிள்ளைகளின் இடத்தை அகதிகள் அள்ளுறாங்க என்று சந்தையில் கதைத்தார்கள். அவர்களும் நியாயத்தைத்தான் கேட்டார்கள். நியாயம் கேட்கிறவன் எப்போதும் தனக்குக் கீழே இருப்பவனிடம்தான் கேட்பான் என்பதை நான் பிறகு இரண்டு நாடுகளில் பார்த்துவிட்டேன்.

ஒரு பின்னேரம் ஹாஜியாரின் மனைவி எங்கள் குடிசைக்கு வந்தார். அதுவரை அவர் வந்ததில்லை. மூடி போட்ட பெரிய பாத்திரத்தில் நெய்ச்சோறும் கோழிக்கறியும் கொண்டுவந்தார். உம்மா பதறிப்போய்ப் பாயை உதறி விரித்தார். நான் பாத்திரத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவர் ராத்தாவைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிவிட்டு வாப்பாவிடம் கதைத்தார்.

"ஒங்கட புள்ள நல்ல கெட்டிக்காரி. எங்க போட்டாலும் மொளச்சிருவா. எங்கட புள்ளக்கி இந்த ஒரு வழிதான் ஈக்கிது."

வாப்பா தலையாட்டினார்.

"நீங்க இண்டக்கி இல்லாட்டி நாளக்கி ஊருக்குப் போயிருவீங்க. நாங்க இங்கதானே ஈக்கோணும். ஒரு எடம் காலியானா தாரதா பள்ளிக்கூடத்தில எங்கட ஹாஜியார்கிட்ட செல்லி ஈக்கிறாங்க. நீங்க யோசிச்சுச் செல்லுங்க, அவசரமில்ல."

அவசரமில்லை என்று சொன்னவர் எழுந்திருக்கவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எங்கள் தலைக்கு மேலே அவருடைய தென்னை, காலுக்குக் கீழே அவருடைய மணல், உம்மா அவருக்குக் கொடுத்த தண்ணீரும் அவருடைய கிணற்றுத் தண்ணீர். வாப்பா எதை யோசிப்பார்?

"ஓம்" என்றார்.

உம்மா சோற்றை எங்கள் சட்டிக்கு மாற்றிவிட்டு அந்தப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டு விளக்கினார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்பது எங்கள் பழக்கம், அரைக் கொத்து அரிசியோ நாலு முட்டையோ ஏதாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். உம்மா குடிசைக்குள் அங்குமிங்கும் பார்த்தார். ஒன்றும் இருக்கவில்லை. "வேணாம், எல்லாம் தந்திட்டீங்கதானே" என்று ஹாஜியாரின் மனைவி பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். உண்மையாகவே அன்பாகத்தான் சொன்னார்.

ராத்தா அன்றைக்குச் சாப்பிடவில்லை. வாப்பாவுக்கு அது கோபத்தை உண்டாக்கியது. "பள்ளிக்கூடம் முடிய இன்னும் ஏழெட்டு வருசம். அவ்வளவு காலம் நாம இஞ்சயா இருக்கப் போறம்? ஊருல போய்ப் படிக்கலாம்" என்றார். அவர் அவளை ஏமாற்றவில்லை, அவர் அதை நம்பினார். இரண்டு நாள் தங்கப்போகிற வீட்டில் நல்ல கதிரையை வீட்டுக்காரரின் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது போலத்தான் அவருக்கு அது. நம்பிக்கை உள்ள மனிதரின் பிள்ளையாகப் பிறப்பது பெரிய தண்டனை.

ஸைனபுக்கு இடம் கிடைத்த செய்தி மின்னஞ்சலில் வந்தது. நேர்வழியில் கிடைத்ததா, ஒதுக்கிய இடத்தில் கிடைத்ததா என்று அதில் இல்லை. எனக்கு அது நல்லதாகப் பட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் சனம் தானே சொல்லிக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டேன். அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் யாழ்ப்பாணத்து என்ஜினியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனுக்கு அந்தப் பாடசாலை தவறிவிட்டது.

"இஞ்சையும் தரப்படுத்தலைக் கொண்டு வந்திட்டாங்கள் தம்பி. அங்கை அதாலைதானே எல்லாம் நாசமாப் போனது."

தரப்படுத்தல் என்ற சொல்லை எங்கள் நாட்டுத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும்போது புள்ளியை மட்டும் பாராமல் மொழி பார்த்து, மாவட்டம் பார்த்து எடுக்கத் தொடங்கிய அந்தக் காலத்தை யாழ்ப்பாணம் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் காயம் உண்மையானது, நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் புத்தளத்திலும் மன்னாரிலும் மாவட்டக் கணக்கினால்தான் முதன்முதலாக ஒரு டொக்டர் பிள்ளை உண்டான ஊர்களும் இருக்கின்றன என்பது பிறந்தநாள் வீடுகளில் கதைக்கப்படுவதில்லை.

"நீங்கள் எந்த சபர்ப் தம்பி?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஆ. அப்ப விளங்குது."

"என்ன அண்ணை விளங்குது?"

"பிழையா நினையாதேங்கோ. பிள்ளை கெட்டிக்காரியாத்தான் இருப்பா. ஆனா என்ரை பெடியன் நாலு வருசமா ஒரு சனிக்கிழமையும் விளையாடேல்லை. அவன்ரை இடத்திலை ஆர் இருக்கினம் எண்டு யோசிக்க நெஞ்சு எரியுது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடச் சனிக்கிழமைகளைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கியது யார் என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. என் பிள்ளையும் கெட்டிக்காரிதான் என்று நிரூபிக்க என் வாய் துடித்தது, அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. எந்தப் பரீட்சையில் எத்தனை எடுத்தாள் என்று ஒப்பிக்கத் தயாராக நின்றேன், காணிக்காரருக்கு முன்னால் நிற்பது போல. மனைவி வந்து தோளைத் தொட்டு, கேக் வெட்டுகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்த அண்ணை எங்களை அதற்குப் பிறகு ஒன்றுக்கும் அழைத்ததில்லை.

இந்தத் தரம் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகள் பெரியவர்களை விடச் சுத்தமாகச் செய்கிறார்கள். முதல் கிழமையே வகுப்பில் ஒரு விளையாட்டு. ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுத் தபால் குறியீடான போஸ்ட்கோட் இலக்கத்தைச் சொல்லவேண்டும், மற்றவர்கள் அவர் ஈக்விட்டியா இல்லையா என்று கண்டுபிடிக்கவேண்டும். ஸைனப் அதை எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். பணக்கார சபர்ப் ஒன்றின் இலக்கத்தைச் சொன்னாளாம், எல்லாரும் நம்பிவிட்டார்களாம். பாடசாலைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடு இருப்பதை மறைக்க, தினமும் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து வரும் பிள்ளைகளோடு சேர்ந்து சுற்றி வருகிறாள்.

கரைத்தீவில் ராத்தா விட்டுக்கொடுத்த இடத்துக்கு என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். அது ஹாஜியாரின் மகளுக்குக் கிடைக்கவில்லை. பாலாவிப் பக்கம் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பெரிய உத்தியோகத்தரின் மகளுக்குப் போய்விட்டது. அவருடைய பெயரைக்கூட நாங்கள் அறிந்ததில்லை. ஹாஜியாருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, மேலே இருப்பவர்கள் மேல் கோபம் வருவதற்கு எங்கள் பக்கத்தில் வழியில்லை. வாப்பாதான் இடத்தைக் காசுக்கு விற்றுவிட்டார் என்று அவர் முடிவு செய்தார். வாப்பா பள்ளிவாசலில் வைத்துச் சத்தியம் செய்தார். ஹாஜியார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே" என்று சொல்லி எழுந்து போனார்.

எங்களை அவர் விரட்டவில்லை. அவர் நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. தேங்காய் விழுந்தால் பிள்ளைகளுக்கு அடிபடும், குடிசையைக் களப்புப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்று ஆளனுப்பினார். கடல்நீர் தேங்கும் அந்தக் களப்போரத்தில் தென்னை இல்லை, எதுவுமே இல்லை. மாரியில் உப்புத்தண்ணீர் பாய்க்குக் கீழே வரும். உம்மாவுக்கு மூச்சிழுப்பு தொடங்கியது அங்கேதான். ராத்தா இரண்டு இடத்துப் பாடத்தையும் எழுதுவதை விட்டுவிட்டாள், பிறகு பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் தொடர்ந்து ஆமீன் சொன்னோம்.

ராத்தா கலியாணம் முடித்தாள், சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனாள், திரும்பி வந்தாள். இப்போது ஆலங்குடாவில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரருக்குச் சமைக்கிறாள். காற்று நன்றாக அடிக்கும் மாதங்களில் அங்கேயே தங்கிவிடுவாள். சண்டை முடிந்த பிறகு மன்னாரில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தார்கள். அது பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளின் படிப்பு குழம்பும் என்று கரைத்தீவிலேயே இருக்கிறாள், வாக்குப் போட மட்டும் மன்னாருக்கு பஸ் ஏறுவாள். வாப்பா மௌத்தானபோது அவரைக் கரைத்தீவில்தான் அடக்கினோம். ஏழெட்டு வருடம் எங்கே இருக்கப்போகிறோம் என்று கேட்டவர், அங்கேயே நிரந்தரமாகிவிட்டார்.

ஸைனப் சீருடையில் நிற்கும் படத்தை நான் ராத்தாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் வட்ஸ்அப்பில் முகம் காட்டினாள். பின்னால் ஆலங்குடாக் குசினி, அடுப்புப் புகை. அவளை விட நான் அதிகம் கதைத்தேன். இங்கே எல்லாரும் எங்களைக் குறைவாகப் பார்க்கிறார்கள், ஒதுக்கிய இடம் என்று குத்திக் காட்டுகிறார்கள் என்று முறைப்பட்டேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒன்ட மகளுக்கு அது ஒதுக்கிக் குடுத்த எடம்" என்றாள். "எனக்கு அது நான் எடுத்த எடம்."

"ஒதுக்கினதா எண்டு தெரியாது ராத்தா. அப்படி ஒண்டும் எழுதியிரிக்கல்ல."

"தெரியாட்டியும் வெச்சிருக்கிறாதானே. வெச்சிருக்கிறவள் அழத் தேவயில்ல, நீயும் அழாத."

எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. அவள் சத்தத்தை உயர்த்தவில்லை. இத்தனை வருடத்தில் அந்த இடத்தைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான். மகளைக் கூப்பிடு என்றாள். ஸைனப் வந்து தொலைபேசிக்கு முன்னால் நின்றாள். இங்கே பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்கப் பழக்கியிருக்கிறார்கள், ராத்தாவின் கதையையும் நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன், "மாமி, ஒங்கட ஸ்கூலுக்கு சொரி" என்றாள்.

ராத்தா தொலைபேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, எங்கள் நாட்டில் முகம் தெரியாத எவரும் எவரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"ஒனக்கு ஊர் எது மகள்?"

ஸைனப் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மன்னார் என்று சொல்லத்தான் நான் பழக்கியிருந்தேன். அவள் கண்டதில்லை. கரைத்தீவு என்று சொன்னால் ராத்தாவுக்குப் பிடிக்காது, சிட்னி என்று சொன்னால் எனக்கு நெஞ்சு வலிக்கும். இரண்டையும் அவள் என் முகத்தில் வாசித்திருக்கவேண்டும். கடைசியில் தன் பாடசாலையின் பெயரைச் சொன்னாள்.

நான் திருத்த வாயெடுத்தேன். ராத்தா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நல்லம்" என்றாள். "ஆரு சோறு கொண்டு வந்து கேட்டாலும் குடுத்திராத."

வெளியே யாரோ ஆங்கிலத்தில் அவளைக் கூப்பிட்டார்கள், சாப்பாடு ஆகிவிட்டதா என்று. அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். நல்ல வேளையாக, ஊர் எது என்று என்னிடம் அவள் கேட்கவில்லை.